பழைய வண்டியும் புதிய என்ஜினும்



எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்னும் வினா மனிதனை வாழ்நாள் முழுதும் தொடர்ந்து வருகிறது. பாட்டன் கட்டிய வீட்டின் ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடலாமா? தாய் அரைத்த ஆட்டுக்கல்லைக் கொல்லைக்குத் தள்ளிவிட்டு மின்சார இயந்திரம் வாங்கலாமா? இவ்வினாக்கள் எழுந்தவுடனே வீட்டில் இரு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. பழையதைத் தொடாதே என்பது ஒரு கட்சி. பழையதைக் கட்டிக்கொண்டு அழாதே என்பது மற்றொரு கட்சி. இரு கட்சியாரும் தத்தம் சொல்லையே அறம் என நம்புகின்றனர். இருவரில் எவர் பக்கம் நியாயம் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக நிதானமாக ஆராய்வோம்.

நம் வீட்டுப் பொருளை எடுத்துக்கொண்டால் பாசமும் கோபமும் முந்திக்கொள்ளும். தொலைவிலுள்ள பொருளாயின் அறிவு சற்று நின்று நோக்கும். ஆதலின் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெடுநாளாக வழக்காடப்பட்டு வரும் ஒரு செய்தியை எடுத்துக்கொள்கிறோம். அங்கே பழைய சரக்கு லாரிகளைப் போற்றி வைத்திருப்போர் மிகப் பலர். அவர்களிடையே ஓயாது எழும் வினா இது: பழைய லாரியில் அதன் பிறவி என்ஜினையே வைத்துக் காப்பதா? அல்லது அதை இறக்கிவிட்டு இக்காலத்து என்ஜின் ஒன்றைப் பொருத்துவதா? இரும்போடும் எண்ணெயோடும் பழகிய கைகள் நம் வாசகரிடையே பல உண்டு. ஆகவே இந்த எடுத்துக்காட்டு எவர்க்கும் எளிதில் விளங்கும்.

லாரியின் வரலாறு

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1947ஆம் ஆண்டின் நடுவிலிருந்து 1955ஆம் ஆண்டின் தொடக்கம் வரை செவர்லே என்னும் பெயரால் ஒருவகை லாரியைச் செய்து விற்றனர். அவற்றுள் அரை டன் வகைக்கு 3100 என்று பெயர். குடியானவர் வைக்கோலும் தீவனமும் ஏற்றினர். தச்சர் பலகை ஏற்றினர். கடைக்காரர் சரக்கு ஏற்றினர். உழைப்பதற்கென்றே பிறந்த வண்டி அது. அத்தகைய லாரி ஒன்றைத் தந்தை நாற்பது ஆண்டு ஓட்டி, மகனுக்கு விட்டுச் சென்றார் என்று வைத்துக்கொள்வோம்.

1953ஆம் ஆண்டு வரை அவ்வகை லாரியில் இருந்தது 216 கன அங்குல என்ஜின். இன்றைய கணக்கில் ஏறத்தாழ மூன்றரை லிட்டர். ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும். திறன் 90 குதிரைத்திறன் அளவு. அதன் கனெக்டிங் ராடுகளின் பேரிங்குகள், தேய்ந்தால் கழற்றி மாற்றத்தக்க ஓடுகள் அல்ல. பாபிட் என்னும் மெத்தென்ற வெள்ளை உலோகத்தை உருக்கி ராடிலேயே வார்த்துக் கடைந்தவை. அந்த ராடுகளுக்கு எண்ணெய் முழு அழுத்தத்தோடு உள்வழியே செல்வதுமில்லை. ராடின் அடியிலுள்ள சிறு கரண்டி, தொட்டியிலுள்ள எண்ணெயை ஒவ்வொரு சுற்றிலும் அள்ளிக்கொள்ளும். வேகம் கூடும்போது குழல்முனையிலிருந்து பாயும் எண்ணெய்த் தாரையும் துணை செய்யும். நிதானமாக ஓட்டினால் இந்த ஏற்பாடு நெடுங்காலம் உழைக்கும். ஓயாமல் விரட்டி ஓட்டினால் பேரிங் தேய்ந்து தட்டத் தொடங்கும்.

பின் அச்சின் பல்விகிதமும் அதற்கேற்றதே. புரொப்பல்லர் ஷாப்ட் நான்கு சுற்றுக்குச் சற்று மேலாகச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். சுமை இழுக்க இது நன்று. விரைந்தோட இது ஆகாது. மணிக்கு 45 முதல் 50 மைல், அதாவது 70 முதல் 80 கிலோமீட்டர் வரையில் அந்த லாரி மனநிறைவோடு ஓடும். மின்சாரம் 6 வோல்ட். நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்கு. அந்த நான்கிற்கும் எண்ணெய் ஒரே சுற்றில் செல்வதால் ஓரிடத்தில் கசிந்தாலும் முழுப் பிரேக்கும் போய்விடும்.

லாரி பிறந்த காலத்துச் சாலைக்கு இவை போதுமானவை. பிறகு சாலை மாறிற்று. 1956ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஐசனோவர் கையொப்பமிட்ட சட்டத்தால் 41,000 மைல் நீளப் பெருஞ்சாலைகள் திட்டமிடப்பட்டன. அவற்றில் இன்று வண்டிகள் மணிக்கு 65, 70 மைல் வேகத்தில் விரைகின்றன. அங்கே நம் பழைய லாரி புகுந்தால் பின்னால் வருவோர் பொறுமையிழக்கின்றனர்; சில வேளை ஆபத்தும் நேர்கிறது.

மறுபக்கத்தில் நிற்பது புதிய என்ஜின். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியாரே 1997ஆம் ஆண்டில் கார்வெட் என்னும் காரில் எல்.எஸ். வகை என்ஜினைக் கொணர்ந்தனர். 1999ஆம் ஆண்டு முதல் அக்குடும்பத்து என்ஜின்கள் லாரிகளிலும் வந்தன. எட்டுச் சிலிண்டர், பெட்ரோலைக் கணிப்பொறி அளந்து செலுத்தும். 5.3 லிட்டர் வகை 1999இல் 270 குதிரைத்திறன் தந்தது. திறனை அளக்கும் முறை இரு காலத்திலும் ஒன்றன்று. எனினும் ஏறத்தாழ மும்மடங்கு என்னலாம். விபத்தில் நொறுங்கிய லாரிகளிலிருந்து கழற்றிய இத்தகைய என்ஜின்கள் பழைய இரும்புக் கிடங்குகளில் கிடைக்கின்றன. பலர் வாங்கிப் பொருத்துகின்றனர். இன்னும் ஒருபடி சென்று மின்சார மோட்டார் பொருத்துவாரும் உண்டு. போர்டு கம்பெனியாரே 1978ஆம் ஆண்டின் லாரி ஒன்றில் இரு மின்சார மோட்டார்களைப் பொருத்தி 2021இல் காட்சிக்கு வைத்தனர்.

இரு கட்சியாரின் வாதம்

மாற்ற வேண்டும் என்பார் கூறுவது: ஓடாத வண்டி கொட்டகையில் துருப்பிடித்து மடியும், ஓடும் வண்டியே வாழும். புதிய என்ஜின் பனிக்காலத்திலும் முதல் திருப்பிலேயே கிளம்பும். உதிரிப்பாகங்கள் எங்கும் கிடைக்கும். புகையைத் தூய்மை செய்யும் கருவியோடு முறையாகப் பொருத்தினால் பழைய என்ஜினைவிடக் காற்றைக் குறைவாகவே கெடுக்கும். பாபிட் வார்த்துக் கடைய வல்ல கைகளும் அருகிவிட்டன. மகன் தந்தையின் லாரியை நாள்தோறும் ஓட்டுவது, அதைப் போர்வையிட்டு மூடிவைப்பதிலும் மேலான மரியாதையன்றோ?

மாற்றலாகாது என்பார் கூறுவது: என்ஜின்தான் லாரியின் உயிர். அதன் ஒலியே அதன் குரல். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பழைய தகரம் போர்த்த புதிய வண்டி. பழையதை ஒருமுறை அறுத்துவிட்டால் மீண்டும் ஒட்டமுடியாது. எல்லாரும் ஒரே வகை என்ஜினைப் பொருத்திக்கொண்டால், நூறு வகை வண்டிகளுக்குள்ளும் ஒரே வண்டி ஓடுகின்ற நிலை வந்துவிடும். அடுத்த தலைமுறை, முன்னோர் எவ்வாறு ஓட்டினர் என்பதை எங்கே சென்று காணும்?

இரு வாதத்திலும் உண்மை இருக்கிறது. ஆயினும் இருவரும் ஒரு பொருளை ஆராயாமலே ஒப்புக்கொண்டு பேசுகின்றனர். லாரி என்பது இன்னது என்று இருவர்க்கும் தெரியும் போலும்! அதையே முதற்கண் ஆராய்வோம்.

லாரி என்பது எது?

அரசாங்கத்தைக் கேட்போம். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அந்நாளில் வண்டியின் உரிமைப் பத்திரத்தில் என்ஜின் எண்ணையே பதிந்து வந்தனர். அதாவது சட்டத்தின் கண்ணில் என்ஜினே வண்டி. பின்னர் வண்டிக்கென்று தனி அடையாள எண் வந்தது. 1981ஆம் ஆண்டு முதல் அது 17 எழுத்தும் எண்ணும் கொண்டதாக நாடு முழுதும் ஒரே வகையாயிற்று. சட்டத்தின் கண்ணில் இப்பொழுது என்ஜின் வண்டியின் ஓர் உறுப்பு மட்டுமே. நம் நாட்டுப் பதிவுச் சான்றிலோ சேஸிஸ் எண், என்ஜின் எண் இரண்டும் உள்ளன. இரும்பு மாறவில்லை, எழுதுவோர் கருத்து மாறிற்று. ஆதலின் வண்டியின் அடையாளம் இரும்பில் பதிந்து கிடப்பதன்று. மனிதர் தம் தேவைக்கு ஏற்ப வகுத்துக்கொள்வது என்பது தெளிவாகிறது.

இவ்வினா நமக்குப் புதியதன்று. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வடமேற்கில் ஆண்ட கிரேக்க அரசன் மினாண்டரை நம் நூல்கள் மிலிந்தன் என்று அழைக்கும். அவன் நாகசேன தேரரைக் காணத் தேரேறி வந்தான். தேரர் அவனைத் தேரைப் பற்றியே வினவினார். அச்சு தேரா? சக்கரம் தேரா? நுகம் தேரா? ஒவ்வொன்றுக்கும் அன்று என்றே அரசன் விடையிறுக்க வேண்டியதாயிற்று. எல்லா உறுப்புகளும் சேர்ந்து இயங்குமிடத்தில் தேர் என்னும் பெயர் வழங்குகிறதேயன்றி, உறுப்புகளுக்குள் தேர் என ஒன்று தனியே ஒளிந்திருக்கவில்லை என்பது அவ்வுரையாடலால் விளங்கிற்று. அரசனின் முன்னோர் நாடான கிரேக்கத்திலும் இத்தகைய வினா இருந்தது. தெசியஸ் என்னும் வீரனின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பலகை பலகையாக மாற்றிக் காத்து வந்தனர் என்றும், அது அதே கப்பல்தானா என்று அறிஞர் வழக்காடினர் என்றும் புளூட்டார்க் எழுதிவைத்தார்.

இவை ஏட்டுச் சுரைக்காய் அல்ல. பஞ்சாலையில் நூற்புப் பகுதியில் உழைத்த நாம் இதைக் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஏழாம் நம்பர் பிரேம் என்போம். அதன் டிராவலர்களை அடிக்கடி மாற்றுவர். கதிர்கள் மாறும், ரோலர்கள் மாறும், பெல்ட்டுகள் மாறும், ஒருநாள் மோட்டாரும் மாறும். ஆயினும் அது ஏழாம் நம்பர் பிரேமே. அந்தப் பெயர் கதிரிலுமில்லை, மோட்டாரிலுமில்லை. அது நிற்கும் இடத்திலும், அதைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளரின் வாய்ச்சொல்லிலும், நாள்தோறும் அதில் இறங்கும் நூலிலும் இருந்தது.

ஆகவே, என்ஜின்தான் உயிர் என்னும் வாதம் நிலைபெறாது. என்ஜினைக் கழற்றினால் லாரியின் ஆன்மா போய்விட்டது என்று அழ வேண்டியதில்லை; அங்கே ஆன்மா இருந்ததுமில்லை.

இதைக் கேட்டவுடன் மாற்ற விரும்புவோர் மகிழ்ந்துவிடலாகாது. லாரி என ஒன்று தனியே இல்லையென்றால் எதையும் எப்படியும் செய்யலாம் என்பது தவறான முடிவு. அதே நாகசேன தேரர் அரசனுக்கு விளக்கொன்றைக் காட்டினார். முதற்சாமத்தில் எரிந்த சுடரும் கடைச்சாமத்தில் எரியும் சுடரும் ஒன்றுமல்ல, வேறுமல்ல. ஒன்றைச் சார்ந்து மற்றொன்று எழுந்தது. அங்கே மாறாத பொருள் இல்லை. ஆனால் காரண காரியத் தொடர்ச்சி உண்டு. லாரிக்கும் அஃதே. அதைச் செய்தவரின் உழைப்பு, ஓட்டியவரின் கவனம், இன்று நாம் செய்யும் மாற்றம், நாளை சாலையில் அதனால் விளைவது ஆகிய எல்லாம் ஒரு தொடர். எனவே நாம் கேட்கவேண்டிய வினாவே மாறுகிறது. 'இது அதே லாரியா?' என்பதை விட்டுவிடுவோம். 'இம்மாற்றத்தால் என்ன விளையும்? அது யார் மீது விழும்?' என்று கேட்போம்.

யார் மீது விழும்?

முதலில் லாரியின் மீதே விழும். 90 குதிரைத்திறனுக்கென்று செய்த கியர் பெட்டியும் பின் அச்சும் 270 குதிரைத்திறனை நெடுநாள் தாங்கா. ஆகவே கியர் பெட்டி மாறும், குழாய்க்குள் அடைபட்ட பழைய புரொப்பல்லர் ஷாப்ட் மாறும், பின் அச்சு மாறும், ரேடியேட்டர் மாறும், 6 வோல்ட் போய் 12 வோல்ட் வரும், பெட்ரோல் பம்பும் மாறும். ஒன்றை மாற்றப் புகுந்தவன் ஒன்பதை மாற்றவேண்டியவனாகிறான். இதைத் தொடக்கத்திலேயே கணக்கிடாமல் பாதியில் நிறுத்தப்பட்டு, என்ஜினும் இல்லாமல் ஓட்டமும் இல்லாமல் கிடக்கும் லாரிகள் எத்தனையோ!

பிறகு சாலையில் செல்வோர் மீது விழும். வேகம் இரு மடங்கானால் நிறுத்துவதற்கு அடக்கவேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். இஃது இயற்கை விதி. புதிய என்ஜினைப் பொருத்திவிட்டுப் பழைய டிரம் பிரேக்கையும் ஒரே எண்ணெய்ச் சுற்றையும் அப்படியே விடுபவன், தன் மகிழ்ச்சிக்கான விலையைச் சாலை கடக்கும் குழந்தையிடம் வசூலிக்க ஆயத்தமாகிறான். ஓடவைக்கப் பணம் செலவிட்டு நிறுத்தப் பணம் செலவிடாதவன் செயல் அறமன்று. பிரேக்கு, ஸ்டியரிங், இருக்கைப் பட்டி ஆகியவற்றை முதலில் செம்மை செய்து, அதன் பின்னரே என்ஜினைப் பற்றி நினைக்கவேண்டும். இந்த வரிசை மாறலாகாது.

வேகத்தின் விலையை வேறொருவர் கொடுப்பது லாரியில் மட்டும் நிகழ்வதன்று. ஆலையில் ஒருநாள் மோட்டாரின் புல்லியை மாற்றுவர். கதிரின் வேகம் கூடும். ஆபீசில் அது உற்பத்திப் பெருக்கம் என எழுதப்படும். பிரேம்களின் இடையில் சைடு பார்க்கும் தொழிலாளிக்கோ அது வேறு செய்தி. நூல் அறுவது மிகும், அறுந்ததை ஒட்டும் விரல் ஓயாது, நடை ஓட்டமாகும், சிறுநீர் கழிக்கச் செல்லவும் நேரமிராது. இயந்திரத்தின் பலம் கூடிற்று; மனிதனின் பலம் கூடவில்லை. இந்தப் பிரேமைப் பார்த்துக்கொள்பவரால் இவ்வேகத்தைத் தாங்க முடியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. இதை நாம் எவர் மீதும் பழி சுமத்தக் கூறவில்லை. ஓரிடத்தில் கூட்டிய வேகத்தை வேறோரிடத்தில் ஓர் உடல் சுமக்கிறது என்பதை அனுபவத்தால் அறிந்தோம் என்றே கூறுகிறோம்.

வியப்பு என்னவெனில், நாம் பேசிவரும் அந்தப் பழைய என்ஜினின் வரலாற்றிலேயே இச்செய்தி எழுதப்பட்டிருக்கிறது. 216 கன அங்குல என்ஜின் 1937ஆம் ஆண்டு வண்டிகளுக்கென வெளிவந்தது. அதே வேளையில், மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் 1936ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் தொடங்கினர். அவர்களுடைய குறைகளுள் முதன்மையானது, உற்பத்தி வரிசையின் வேகம் தாங்கமுடியாத அளவு கூட்டப்பட்டது என்பதே. 1937 பிப்ரவரி 1ஆம் நாள் அவர்கள் செவர்லே நான்காம் எண் ஆலையைக் கைக்கொண்டனர். அது செவர்லே என்ஜின்கள் செய்யப்பட்ட ஆலை. பிப்ரவரி 11ஆம் நாள், 44 நாட்களுக்குப் பின், கம்பெனியார் தொழிற்சங்கத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டனர். அந்த என்ஜின் குடும்பத்தை வார்த்துக் கடைந்து பூட்டிய கைகளுக்கு இவ்வரலாறு உண்டு. அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் செய்த இரும்பு மட்டும் இருக்கிறது.

அப்படியாயின் அவர்களுக்கு மரியாதை செய்யப் பழைய என்ஜினைத் தொடாமலே வைக்கவேண்டுமா? அவர்கள் அதைப் பூசைக்குச் செய்யவில்லை, உழைப்பதற்குச் செய்தனர். அது தேய்ந்தபின் மாற்றுவது அவர்களை இழிவுபடுத்துவதாகாது. ஆனால் நல்ல நிலையில் ஓடுகின்ற ஒன்றை, பழையது என்னும் ஒரே காரணத்தால் இரும்புக்கடையில் எடைக்குப் போடுவது இழிவே. உழைத்த பொருளை மதித்தல் என்பது, அதன் உழைப்பு உண்மையில் முடிந்துவிட்டதா என்று முதலில் பொறுமையோடு பார்த்தல்.

எண்ணத்தை ஆராய்தல்

இனி மகன் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. இந்த லாரியை எங்கே, எதற்காக ஓட்டப் போகிறேன்? ஊர்ச் சாலையில் வாரம் ஒருமுறை சந்தைக்குச் செல்வதற்காயின், 50 மைல் வேகம் போதும். பழைய என்ஜினைச் செப்பனிட்டுக்கொள்வதே முறை. இங்கே லாரியை என் அவசரத்துக்கு இசைவிப்பதா, என் பயணத்தை லாரிக்கு இசைவிப்பதா என்றும் கேட்கவேண்டும். அரைமணி முன்னதாகப் புறப்பட்டால் தீர்ந்துவிடும் குறைக்கு மும்மடங்கு குதிரைத்திறன் வேண்டுவதில்லை.

அடுத்து, எனக்கு வேண்டுவது பயனா, பிறர் வியப்பா? பழைய தோற்றத்தைக் காட்டி, உள்ளே ஒளித்த பலத்தால் பக்கத்து வண்டிக்காரனைத் திடுக்கிடச் செய்யும் ஆசை பலரிடம் உண்டு. அது தணியாத ஆசை. 270 குதிரை வந்தால் 400 குதிரை கேட்கும். மறுபுறம், ஒரு திருகாணியும் பிறவித் திருகாணியாகவே இருக்கவேண்டும் என்று கண்காட்சியில் பரிசுக்காக ஏங்குபவனும் அதே கயிற்றால் கட்டுண்டவனே. ஒருவன் புதுமையைப் பற்றிக்கொண்டான். ஒருவன் பழமையைப் பற்றிக்கொண்டான். பற்று என்பதில் வேறுபாடில்லை.

இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு வழி இருப்பதைச் செவர்லே லாரிக்காரர்கள் நெடுநாளாக அறிவர். 1954ஆம் ஆண்டு லாரிகளில் அதே குடும்பத்து 235 கன அங்குல என்ஜின் வந்தது. புறத்தோற்றத்தில் அண்ணன் தம்பி போன்றவை அவை. அந்த 1954ஆம் ஆண்டு என்ஜினில் ராடுகளுக்கும் எண்ணெய் முழு அழுத்தத்தோடு செல்லும். பேரிங்குகள் வாங்கி மாற்றத்தக்க ஓடுகள். சிறு மாறுதல்களோடு அது பழைய இடத்திலேயே அமரும். பழைய கியர் பெட்டியும் 6 வோல்ட்டும் தொடரலாம். சேஸிஸை வெட்டவேண்டியதில்லை. லாரி பறக்காது, ஆனால் நம்பி ஓட்டலாம். பழைய 216 செப்பனிட முடியாத அளவு தேய்ந்திருந்தால், அல்லது பாபிட் வார்ப்பவர் எட்டும் தொலைவில் இல்லாதிருந்தால், மகனுக்கு நாம் கூறக்கூடிய முதல் யோசனை இதுவே.

புதிய எட்டுச் சிலிண்டர் என்ஜினே கூடாதா? கூடும். லாரியே அவன் பிழைப்புக்குத் துணை; நாள்தோறும் பெருஞ்சாலையில் சென்றாக வேண்டும்; மாற்றாவிட்டால் கொட்டகையில் மடியும் என்னும் நிலையில் மாற்றுவது குற்றமன்று. பிரேக்கு முதலானவற்றை முன்னரே செம்மை செய்து, தேர்ந்த மெக்கானிக்கின் கையால், சட்டத்துக்கு உட்பட்டுச் செய்க. நம் நாட்டில் வாழ்வோர், பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்காமல் என்ஜினை மாற்றுதல் சட்டத்துக்கு ஒவ்வாது என்பதையும் நினைவில் கொள்க. ஆனால் அந்த லாரி ஒருவகையில் எஞ்சியிருக்கும் மிகச் சிலவற்றுள் ஒன்றாகவோ, 70 ஆண்டு கழிந்தும் ஒரு பாகமும் மாறாததாகவோ இருந்தால், அதைத் தொடாமல் விட்டு, ஓட்டுவதற்கு வேறொன்றைத் தேடுவதே நன்று. பல்லாயிரத்தில் ஒன்றை மாற்றுவதும் எஞ்சிய ஒன்றை மாற்றுவதும் ஒரே செயலாகா.

மறைக்காமை

இவை அனைத்திலும் நாம் பெரிதாகக் கருதுவது ஒன்றுண்டு. மாற்றுவது குற்றமன்று, மாற்றியதை மறைப்பதே குற்றம். பழைய வண்டிச் சந்தையில், என்ஜினிலும் சேஸிஸிலும் எண்கள் பொருந்திய வண்டிக்கு மிகுந்த விலை உண்டு. அவ்விலைக்காக என்ஜினில் பொறித்த எண்ணைத் தேய்த்துவிட்டு வேறு எண் பொறிப்பவர் உளர். வேறு வண்டியின் என்ஜினை இதன் பிறவி என்ஜின் எனக் கூறி விற்பவர் உளர். இரும்பு எந்த இரும்பாயிருந்தாலும் ஓடும். ஆனால் வாங்குபவன் நம்பிக்கை உடைந்தால் ஓடாது. வண்டியின் அடையாளம் மனிதரின் சொல்லில்தான் இருக்கிறது என்று மேலே கண்டோம். ஆதலின் அந்தச் சொல்லைப் பொய்யாக்குபவனே வண்டியை உண்மையில் அழிப்பவன். பிறவி என்ஜினை அன்போடு மாற்றி, மாற்றினேன் என்று எழுதிவைப்பவன் அழிப்பவனல்லன்.

பழைய வண்டிகளைக் காப்போரின் பன்னாட்டுச் சங்கம் 2012ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனமும் இத்திசையிலேயே செல்கிறது. செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்க. இயன்றவரை மீண்டும் பழையபடி ஆக்கத்தக்க முறையில் செய்க என்பது அதன் போக்கு. நமக்குப் பின் வருபவர் நம்மினும் அறிந்தவராயிருக்கலாம். அவர் நம் முடிவைத் திருத்த இடம் விட்டுவைத்தல் பணிவு.

வீட்டுக் கூரைக்கும் ஆட்டுக்கல்லுக்கும் இம்முறையே பொருந்தும். அதே பொருளா என்று வழக்காடி உடன்பிறந்தார் பகைத்துக்கொள்வதை விடுத்து, மாற்றினால் யாருடைய சுமை குறையும், யாருடைய சுமை கூடும் என்று கேட்டால், வழக்கில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். ஆட்டுக்கல்லைச் சுழற்றும் கை எவருடையதோ அவரைக் கேளாமல் ஆட்டுக்கல்லின் பெருமையைப் பேசுவது நியாயமாகாது.

இனி மகன் என்ஜினை மாற்றுவதென்றே முடிவு செய்துவிட்டால் செய்யவேண்டியவை இவை. சேஸிஸை வெட்டாதே, பழைய துளைகளைக் கொண்டே தாங்கிகளைப் பூட்டு. இறக்கிய என்ஜினின் எண்ணெயை வடித்துப் புதிய எண்ணெய் ஊற்று. பிளக்குத் துளைகளின் வழியே சிலிண்டர்களுக்குள்ளும் சிறிது எண்ணெய் விட்டுக் கையால் சுற்றிவிடு, துளைகளை அடைத்துவிடு. ஈரம் ஏறாதபடி பலகை மீது வைத்து மூடு. எந்த லாரியிலிருந்து, எந்த நாளில், எக்காரணத்தால் இறக்கினேன் என்று ஓர் அட்டையில் எழுதி அதில் கட்டு. லாரியை விற்கும் நாள் வந்தால் அந்த என்ஜினையும் அட்டையையும் சேர்த்தே கொடு. வாங்குபவன் கேட்பதற்கு முன் நீயே சொல்.